கோவில்பட்டியில் காணாமல் போகும் வரி

மே 20, செவ்வாய்

என் பெயர் மூக்கையா. இதை நானே எழுதுகிறேன்.

மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருந்தது.

அருப்புக்கோட்டையில் பஞ்சு மில்லில் மூட்டை தூக்கியவன் நான். எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். மெர்சி டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். "என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க, ஐயா. பெருசா யோசிக்காதீங்க" என்றார்.

நடந்தது இது. என் மகள் பாண்டிச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. காலம் போன காலத்தில் பிறந்த ஒரே பிள்ளை. ஆனி மாதம் முகூர்த்தம். மாப்பிள்ளை கோவில்பட்டி, பெயர் இன்பராஜ். இவள் கோர்ட்டுக்கு எதிரே, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவரும் அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் அதே கடைதான் வைத்திருக்கிறார். "ஒரே தொழில், ஒரே மனசு. பேச்சே வேண்டாம், கண்ணை மூடிட்டுச் செய்யலாம்" என்றார் தரகர்.

கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம் என்று நினைக்கிறேன். இப்போதுதான் படிக்க வருகிறது.

மே 21, புதன்

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை என்று பேச்சு. டைப் அடிப்பது இங்கே. கலர் மிஷின் அவர்களிடம் இருப்பதால் அச்சடிப்பது அங்கே.

செல்வி டைப் அடித்து முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அழைக்கிறவன் நான் என்பதால் என் பெயர் மேலே இருக்கிறது. விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். பிள்ளையார் படம். பிறகு நான், பிறகு என் மனைவி ராக்கம்மாள். நடுவில் மணமக்கள். மகள் பெயருக்குக் கீழே "உரிமையாளர், பாண்டி ஜெராக்ஸ், அருப்புக்கோட்டை" என்று ஒரு வரி. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே "உரிமையாளர், இன்பம் டிஜிட்டல்ஸ், கோவில்பட்டி" என்று ஒரு வரி. கடைசியில் தாய்மாமன் சீனிக்காளை, மற்ற உறவுகள். எல்லோரும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், மினி பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி.

"உரிமையாளர்" என்ற சொல்லை மட்டும் மூன்று தடவை படித்தேன். நம் வீட்டில் யாரும் இதுவரை எதற்கும் உரிமையாளராக இருந்ததில்லை.

மே 23, வெள்ளி

பத்திரிகை கோவில்பட்டி போய்த் திரும்பி வந்துவிட்டது. சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். போனதற்கும் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளையார் ஓரமாகப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் ராக்கம்மாளும் வேறு வேறு வரிக்குப் போய்விட்டோம். தாய்மாமன் சீனிக்காளை அடுத்த பக்கத்துக்கு விழுந்துவிட்டார். செல்வியின் கடை வரியைக் காணவே காணோம்.

"என்னம்மா இது, லாரி கவுந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

செல்வி பொறுமையாகச் சொன்னாள். "நம்ம கடையில இருக்கிறது இலவச சாப்ட்வேர்ப்பா. அது எழுதுற ஃபைலுக்குப் பேரு ஓடிடி, சினிமா பாக்குற ஓடிடி இல்ல. அவங்க காசு குடுத்து வாங்கி வச்சிருக்காங்க. அது எழுதுறது டாக்எக்ஸ். ஒண்ணு எழுதுனத இன்னொண்ணு படிச்சிரும். ஆனா அதது அந்தந்த வீட்டு வழக்கப்படி அடுக்கும். நம்ம எழுத்துரு அங்க இல்லைன்னா, அது பக்கத்துல இருக்கிற எதையாச்சும் எடுத்து மாட்டிக்கும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஃபைலுக்குப் பெயர் எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைத்து இந்த ஓடிடி, டாக்எக்ஸ் வருகிறது. நமக்கு இனிஷியல் முன்னால், ஃபைலுக்கு இனிஷியல் பின்னால். எந்த வீட்டுப் பிள்ளை என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வி எல்லாவற்றையும் சரிசெய்து, காணாமல் போன வரியைத் திரும்ப அடித்து, மறுபடியும் அனுப்பினாள். "அந்த வரி இல்லாம பத்திரிகை அடிக்கிறதா இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ராக்கம்மாள் அடுப்படியிலிருந்து, "ஒத்த வரிக்காக இதையும் கெடுத்துராதடி. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு" என்றாள்.

மே 24, சனி

சீனிக்காளை மச்சான் வந்தார். ராக்கம்மாளுக்கு அண்ணன். கோவில்பட்டிக்காரர்கள் அனுப்பியதை யாரோ அவருக்குப் போனில் காட்டிவிட்டார்கள்.

"மாப்ள, தாய்மாமன்னா யாரு?"

"நீங்கதான் மச்சான்."

"தாய்மாமன் பின்னாடி பக்கத்துல நிப்பானா? வெத்தலை பாக்கு வாங்குறப்ப முன்னாடி, பத்திரிகைன்னா பின்னாடியா? எவன்யா என்னைத் தள்ளுனது?"

"தள்ளல மாமா. எழுத்துரு மாறிருச்சு. அவங்க எழுத்து கொஞ்சம் அகலம்" என்றாள் செல்வி.

"அவங்க எழுத்து அகலம்னா அவங்க மாமன தள்ள வேண்டியதுதான?"

இது நியாயமான கேள்வியாக எனக்குப் பட்டது. மச்சான் காபி குடிக்காமல் போய்விட்டார். சீர் கொண்டுவர மாட்டாராம். ராக்கம்மாள் அழுதாள். நான் அவர் குடிக்காத காபியைக் குடித்துவிட்டு, "அகலம்" என்று எழுதிப் பழகினேன்.

மே 26, திங்கள்

சம்பந்தி சண்முகக்கனி போன் செய்தார். மாப்பிள்ளைக்கு அப்பா. தீப்பெட்டி ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைலை அனுப்புவது, திறப்பது எல்லாம் அங்கே அவர்தான். மாப்பிள்ளைக்குக் கடையில் பொழுது சரியாக இருக்கிறதாம்.

"சம்பந்தி, இனிமே பிரச்சினையே இல்லை. ஓடிடின்னு இருந்ததை நானே அழிச்சு, டாக்எக்ஸ்னு எழுதிட்டேன். நம்ம வீட்டு ஃபைலா மாறிருச்சு."

"ரொம்ப சந்தோசம் சம்பந்தி."

"ஆனா இப்ப திறக்க மாட்டேங்குது."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் செல்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "இனிஷியலை மாத்துனா ஆள் மாறிருமா மாமா?" என்று கேட்டாள்.

சம்பந்தி, "மாறித்தானம்மா ஆகணும். உலகத்துல எல்லாரும் மாத்திக்கிறாங்க" என்றார்.

ஃபைலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. வேறொரு பிரதி அனுப்பினாள். இந்த முறை அவளே டாக்எக்ஸாக மாற்றி அனுப்பினாள். "அவங்க மொழியிலயே அனுப்புறேன். இப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றாள்.

மே 27, செவ்வாய்

வந்துவிட்டது. பிள்ளையார் நேராக உட்கார்ந்திருக்கிறார். நானும் ராக்கம்மாளும் பக்கத்தில் பக்கத்தில். மச்சான் இன்னும் பின்பக்கம்தான். கடை வரியைக் காணோம்.

மே 28, புதன்

தாலிக்குத் தங்கம் வாங்க இரண்டு வீட்டாரும் நம் ஊர் நகைக்கடையில் கூடினோம். தங்கத்தைப் பற்றிப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஃபைலைப் பற்றிய பேச்சு முடியவில்லை.

சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க ஃபைல் எடை கம்மி. சட்டுன்னு திறக்கும். இவங்களது கனம்."

செல்வி விடவில்லை. "நம்மளதுதான் மாமா எடை கம்மி. நான் பாத்துட்டேன்." அவளும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தாள்.

மாப்பிள்ளை இன்பராஜ் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கினவன் நான். எடை என்று பேச்சு வந்தால் சும்மா இருக்க முடியாது. இரண்டையும் இரண்டு கையில் வாங்கி நிதானித்துப் பார்த்தேன். கோவில்பட்டிதான் ஒரு பொட்டுக் கனம் என்று தோன்றியது. சொன்னேன். சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "கையில தூக்கிப் பாத்துச் சொல்ற சமாச்சாரமா இது?" என்றார்.

"சரி, தராசுல போட்டுருவோம்" என்றேன்.

நகைக்கடைக்காரர் நல்ல மனிதர். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசைத் துடைத்து, முதலில் எங்களுடையதை வைத்தார். பிறகு அவர்களுடையதை வைத்தார். கோவில்பட்டிதான் கனம். எனக்கு ஒரே சந்தோஷம். சம்பந்தி எழுந்து நின்று, "மூடியக் கழட்டிட்டுப் போடுங்க! மூடி ஃபைல்ல சேராது!" என்றார். மூடியைக் கழற்றினார்கள். இப்போது அருப்புக்கோட்டை கனம். எங்களுடையதில் மூடியே கிடையாது. சாவிக் கொத்தில் மாட்டும் சின்ன வளையம் இருந்தது. அதை யாராலும் கழற்ற முடியவில்லை.

நகைக்கடைக்காரர், "ரெண்டுக்கும் சேதாரம் போட்டுரவா?" என்று கேட்டார்.

செல்வி சிரித்துவிட்டாள். அதே நேரத்தில் மாப்பிள்ளையும் சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததை எழுதச் சொன்னார் டீச்சர். நடந்தது.

மே 30, வெள்ளி

பாலிதீன் பையில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். நம் கடைத் தெரு ஜவுளிக்கடைப் பெயர். அந்தக் கடைக்கு எத்தனையோ வருஷமாகப் போகிறேன். சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த கடை என்றுதான் தெரியும். அதற்குப் பெயர் இருந்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்கு பிடிஎஃப் என்ற ஒன்றைப் பார்த்தேன். அருமையான சாமான். எழுத்தை போட்டோ பிடித்த மாதிரி. எந்த மிஷினில் திறந்தாலும், எந்த ஊருக்குப் போனாலும், வீட்டில் எப்படி உட்கார்ந்ததோ அப்படியே உட்காரும். பிள்ளையார் சாயமாட்டார். மச்சான் முதல் பக்கத்திலேயே இருப்பார்.

"இதை முதல்லயே அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அனுப்பலாம்ப்பா. அவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்ல" என்றாள்.

அனுப்பினாள். சாயங்காலமே சம்பந்தி போன் செய்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, பூட்டின வீட்டைக் குடுத்து குடியேறச் சொல்றீங்க? உள்ள ஒரு ஆணி அடிக்க முடியல."

"எதுக்கு ஆணி சம்பந்தி? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"நாளைக்கு ஏதாச்சும் திருத்தம் வரும். நாங்களும் கை வைக்கிற மாதிரி குடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இல்லையா?"

எனக்குச் சரி என்றுதான் பட்டது. செல்வியிடம் சொன்னேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய டாக்எக்ஸையே திரும்ப அனுப்பினாள். ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

மச்சானைச் சமாதானம் செய்யப் போனேன். கோவில்பட்டி வடிவத்தை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், இரண்டாவது பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. முதல் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் மூச்சு முட்ட நிற்கிறோம். இரண்டாவது பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று இடம்.

"மச்சான், நல்லாப் பாருங்க. எங்க எல்லாருக்கும் சேத்து ஒரு பக்கம். உங்களுக்கு மட்டும் ஒரு பக்கம்."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது நம்ம ஓடிடி பண்ணுனதா, அவங்க டாக்எக்ஸ் பண்ணுனதா?"

"அவங்க டாக்எக்ஸ்."

"மரியாத தெரிஞ்ச மிஷின் மாப்ள" என்றார். சீர் உண்டு என்று சொல்லி அனுப்பினார். ஒரே நிபந்தனை, அவரை யாரும் முதல் பக்கத்துக்கு ஏற்றக் கூடாது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் தம்பி போன் செய்துவிட்டான். சித்தப்பனுக்கும் பின்பக்கத்தில் இடம் வேண்டுமாம். மச்சான் அதற்குச் சம்மதிக்க மாட்டார். அங்கே எவ்வளவோ இடம் சும்மா கிடக்கிறது. நான் என்ன செய்வேன்?

ஜூன் 3, செவ்வாய்

பத்திரிகை திரும்பி வந்தது. கடை வரி இல்லை.

இந்த மிஷினைப் பற்றி எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. பிள்ளையாரை ஒருநாள் இடப்பக்கம் தள்ளுகிறது, ஒருநாள் வலப்பக்கம் தள்ளுகிறது. என் பெயரை ஒருநாள் பெரிதாக்குகிறது, ஒருநாள் சிறிதாக்குகிறது. அதில் ஒரு ஒழுங்கும் கிடையாது. ஆனால் சாப்பிடுவது மட்டும் எப்போதும் அதே ஒரு வரியைத்தான். மாப்பிள்ளையின் கடை வரியை ஒருநாளும் தொட்டதில்லை. மிஷினுக்கும் ருசி உண்டு போல.

இதை ராக்கம்மாளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மிஷின் பாவம்" என்றாள்.

ஜூன் 4, புதன்

செல்வி சாப்பிடவில்லை. "கடைய யாருக்காச்சும் கை மாத்தி விட்டுரட்டுமாப்பா?" என்று கேட்டாள். "ஏம்மா?" என்றேன். "சும்மா கேட்டேன்" என்றாள்.

கோர்ட்டில் விடுமுறை முடிந்து வக்கீல்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவள் கடையில் அவ்வளவு கூட்டம். ஒரு வக்கீல் குமாஸ்தா, "எம்மா செல்வி, நீ இல்லைன்னா எங்க கேஸ் ஒண்ணும் நடக்காது" என்றதை என் காதால் கேட்டேன்.

நாளைக்குக் கோவில்பட்டி போகிறேன். பஸ்ஸின் பலகையைப் படித்து ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பலகையை நானே படித்துச் சாத்தூர் போய், அங்கே வேறு பஸ் மாறி, அதன் பலகையையும் நானே படித்துக் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும், "இது கோவில்பட்டி போகும்" என்று நானாகச் சொன்னேன். "தெரியும்" என்றார் அவர்.

கடையில் சம்பந்தியும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சம்பந்தி, வாங்க மாமா" என்றார்கள். கடலை மிட்டாய் வந்தது. காபி வந்தது. நான் செல்வியிடம் கேட்டு வாங்கி வந்த பென் டிரைவைக் கொடுத்தேன்.

"மாப்பிள்ளை, இதை ஒரு தடவை என் கண்ணு முன்னாடி திறங்க."

"எதுக்கு மாமா? போன்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல மாப்பிள்ளை. அந்தக் கடை வரி இங்க வந்ததும் தானா அழிஞ்சு போகுதாம்ல. எனக்கு எழுத்து வந்ததுதான் தெரியும். எழுத்து போறதைப் பாத்ததே இல்லை. ஒரு தடவை பாக்கணும்னு ஆசை."

மாப்பிள்ளை திறந்தார். பிள்ளையார் கொஞ்சம் சாய்ந்தார். மச்சான் பின்பக்கம் விழுந்தார். விரலைத் திரையில் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தேன். "உரிமையாளர், பாண்டி ஜெராக்ஸ், அருப்புக்கோட்டை." வரி இருந்தது.

"இன்னும் போகலையே" என்றேன்.

சம்பந்தி, "கன்வெர்ட் ஆகும்போது போகும் சம்பந்தி. கொஞ்ச நேரம் ஆகும்" என்றார்.

"சரி, இருக்கேன்."

உட்கார்ந்தேன். மூவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாடிக்கைக்காரர் ஒருவர் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். நாங்கள் இருக்கும் இருப்பைப் பார்த்து அவரும் வந்து நின்று திரையைப் பார்த்தார். "என்ன சார், கிரிக்கெட்டா?" என்று கேட்டார்.

"ஒரு வரி அழியப் போகுது" என்றேன்.

"எப்ப?"

"தெரியல. சம்பந்திதான் சொல்லணும்."

அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அழியலையே சார்" என்று சம்பந்தியிடம் குறைப்பட்டுக்கொண்டு போனார். கடலை மிட்டாய் தீர்ந்துவிட்டது. இரண்டாவது காபி வந்தது. வரி அசையவில்லை. மத்தியானச் சாப்பாடு சொல்லலாமா என்று கேட்டார் சம்பந்தி. "இது போனதும் சாப்பிடலாம்" என்றேன். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு முன் அவர் அப்படித் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, அது தானா போகாது" என்றார்.

"ஏலே, நீ சும்மா இரு."

"எங்கிட்ட என்ன சொன்னீங்க? அவங்களே வேண்டாம்னு எடுத்துட்டாங்கன்னுதான சொன்னீங்க?"

சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா, நான்தான் எடுத்தேன். இப்ப என்ன? ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு கடை? நாளைக்கு இங்க வந்து உக்காரப்போற பொண்ணு. அந்தக் கடையில இருக்கிற ஃபைல எல்லாம் நம்மளதா மாத்தி, மிஷினைத் தூக்கிட்டு வந்தா இங்க ரெண்டாவது மேசை போட்டுரலாம். பத்திரிகையில அவ கடைன்னு போட்டா, ஊரு என்ன நினைக்கும்? மருமக தனியா கடை நடத்துறான்னு பேசாதா?"

"நடத்துறா" என்றேன். "நல்லாத்தான் நடத்துறா. கோர்ட்டே அவ கையிலதான் இருக்கு."

மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தேன். காபி நன்றாக இருந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றாமலே நின்றேன். செல்விதான் கேட்டாள்.

"மாமனார்தானப்பா எடுக்குறாரு?"

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது தடவை வந்தப்பவே தெரியும். டாக்எக்ஸா அனுப்புனா கன்வெர்ட் ஆக ஒண்ணும் இல்ல, அதுலயும் வரி போனதும் அவரு மாட்டிக்கிட்டாரு. அப்புறமும் ஏன் அனுப்புனேன்னா, அவரு மகன் இதை எப்பப் பாக்குறாரு, என்ன செய்யுறாருன்னு தெரியணும்ல. கல்யாணத்துக்கப்புறம் பாத்தா என்ன பிரயோஜனம்?" என்றாள். பிறகு என்னையே உற்றுப் பார்த்து, "நீங்க எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

கோவில்பட்டியிலிருந்து போன் இல்லை. ராக்கம்மாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அங்கே அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். செல்வி என்ன கேட்பாள் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 7, சனி

போன் இல்லை.

"மூணாவதும் போச்சு" என்றாள் ராக்கம்மாள். "போனா போகட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கடை பாதி ஷட்டர். உள்ளே ஒரு அவசர வேலைக்காக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றார். மாப்பிள்ளை இன்பராஜ். நான் எழுந்திருக்கப் போனேன். செல்வி கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். அவர் தன் முறை வரும்வரை காத்து நின்றார். அவள் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க. என்ன வேணும்?"

"ஒரு பத்திரிகையில திருத்தம்."

"உக்காந்து நீங்களே பண்ணுங்க. மிஷின் அந்தா இருக்கு."

அவர் உட்கார்ந்தார். பெரிய கடை வைத்திருப்பவர். ஆனால் இந்த மிஷினில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தேடினார். ஒரு பட்டனை அழுத்தப் போய் பிள்ளையாரைத் தலைகீழாக்கிவிட்டார். செல்வி உதவவில்லை. ராக்கம்மாள் உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மெதுவாப் பண்ணுங்க மாப்பிள்ளை, ஒண்ணும் அவசரமில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்து வணங்குகிற மாதிரி தலையசைத்தார்.

பிள்ளையாரை நிமிர்த்தினார். செல்வியின் பெயருக்குக் கீழே அந்த வரியை அடித்தார். எழுத்து எழுத்தாக, தப்பில்லாமல் அடித்தார். பிறகு எழுந்து ஒதுங்கி நின்றார்.

செல்வி வந்து படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தக் கடை இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"அங்க உங்க கடை?"

"அதுவும் இருக்கும்."

"அப்ப நான் எங்க இருக்குறது?"

"சாத்தூர்ல ஒரு வீடு பாத்திருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. காலையில நான் தெக்க பஸ் ஏறிக்கிறேன். நீ வடக்க ஏறிக்கோ."

"உங்க அப்பா?"

"மூணு நாளா எங்கூடப் பேசல. பேசுவாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க கடையிலயும் உங்க ஓடிடி சாப்ட்வேரைப் போட்டாச்சு. நேத்து. உங்க எழுத்துருவையும் ஏத்திட்டேன். இப்ப எதுவும் சாயாது" என்றார்.

"எவ்வளவு ஆச்சு?"

"இலவசம்தானாமே."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. என்னிடம் முகத்தைக் காட்டவில்லை. தட்டில் தாள் அடுக்கினாள். மிஷினைப் போட்டாள். பிறகு, எந்த வாடிக்கைக்காரரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எத்தனை காப்பி?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கலர் மிஷின் கோவில்பட்டியில்தானே இருக்கிறது, இங்கே எதற்கு அடிக்க வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

ராக்கம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. "ஐநூறுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை, நிக்கிறீங்களே!" என்றாள். பிறகு என் தோளில் மாவுக் கையாலேயே ஒரு தட்டுத் தட்டினாள். "ஏங்க, அவ சரின்னுட்டா. அதை எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.